யூஸ்டு டு என்றால் ‘முன்பெல்லாம்’

“ஐ யூஸ்டு டு கெட் அப் அட் ஃபைவ் எவ்ரி மார்னிங்.”

நேர்முகத் தேர்வுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த தங்கை மகள் இப்படித்தான் ஆரம்பித்தாள். உன் அன்றாடம் எப்படிப் போகிறது என்று கேட்டால் சொல்ல வேண்டிய பதிலாம். நான் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, “சரி, இப்போ எத்தனை மணிக்கு எந்திரிக்கிறே?” என்றேன்.

“அஞ்சு மணிக்குத்தான் மாமா. அதைத்தானே சொன்னேன்?”

அதைச் சொல்லவில்லை என்பதுதான் சிக்கல். லண்டனில் வளர்ந்த ஒருவர் இந்த வாக்கியத்தைக் கேட்டால், ‘பாவம், ஒரு காலத்தில் ஐந்து மணிக்கு எழுந்துகொண்டிருந்த பெண், இப்போது விட்டுவிட்டாள்’ என்றே எடுத்துக்கொள்வார். தன்னுடைய நல்ல பழக்கத்தைச் சொல்ல வந்தவள், அதைக் கைவிட்டதாகச் சொல்லி முடித்திருக்கிறாள். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாத வாக்கியம் என்பதால் எதிரே இருப்பவருக்குச் சந்தேகமும் வராது. குளறுபடியாகப் பேசினால் ‘என்ன சொன்னீர்கள்?’ என்று திருப்பிக் கேட்பார்கள். சுத்தமாகப் பேசித் தவறான பொருளைத் தந்தால் யாரும் கேட்கப் போவதில்லை.

இதை நம் ஊர் ஆங்கிலத்தில் எங்கும் கேட்கலாம். “மை ஃபாதர் யூஸ்டு டு ஒர்க் இன் எ பேங்க்” என்பார்கள். அப்பா இன்றைக்கும் அதே வங்கியில் இருப்பார். கேட்பவர் அவர் ஓய்வு பெற்றுவிட்டார் என்றோ, அதைவிட மோசமாக எதையோ நினைத்துக்கொள்வார். வெளிநாட்டில் மகன் வீட்டுக்குப் போன அம்மா அங்குள்ள டாக்டரிடம், “ஐ யூஸ்டு டு டேக் டேப்லட்ஸ் ஃபார் பி.பி.” என்று சொன்னால், இந்த அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று அந்த டாக்டர் எழுதிக்கொள்ள எல்லா நியாயமும் உண்டு.

“ஆனா ஸ்கூல்ல ‘யூஸ்டு டு’ன்னா வழக்கம்னுதானே சொல்லிக்கொடுத்தாங்க?”

ஆமாம், அங்கேதான் ஆரம்பிக்கிறது. ‘வழக்கம்’ என்ற சொல்லுக்குக் காலம் கிடையாது. ‘போவது வழக்கம்’ என்றால் இன்றும் போகிறேன். ‘போவது வழக்கமாக இருந்தது’ என்றால்தான் அது பழைய கதை. ஆங்கிலத்தின் ‘யூஸ்டு டு’ இந்த இரண்டாவதுக்கு மட்டும் சொந்தம். பாதிப் பொருளைக் கற்றுக்கொடுத்து மீதியை விட்டுவிட்டார்கள். நான் சொல்லிக்கொடுப்பதாக இருந்தால் ‘வழக்கம்’ என்ற பேச்சையே எடுக்க மாட்டேன். ‘யூஸ்டு டு’ என்றால் ‘முன்பெல்லாம்’. அவ்வளவுதான். வாய் திறப்பதற்கு முன் அந்த இடத்தில் ‘முன்பெல்லாம்’ போட்டுப் பார். ‘முன்பெல்லாம் ஐந்து மணிக்கு எழுவேன்.’ நீ சொல்ல நினைத்தது இதுவா? இல்லையென்றால் ‘யூஸ்டு டு’வைத் தூக்கிவிடு.

இந்தக் குழப்பத்துக்குப் பள்ளிக்கூடத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் வினைச்சொல்லின் அமைப்பே இங்கே வேறு மாதிரி. ‘போவேன்’ என்பதை எடுத்துக்கொள். ‘நாளைக்குக் கோயிலுக்குப் போவேன்’ என்றால் எதிர்காலம். ‘வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்குப் போவேன்’ என்றால் இன்றுள்ள வழக்கம். ‘சின்ன வயதில் பாட்டியோடு கோயிலுக்குப் போவேன்’ என்றால் முடிந்துபோன வழக்கம். மூன்றிலும் வினை இம்மிகூட மாறவில்லை. காலத்தைச் சொல்வது ‘நாளைக்கு’, ‘தோறும்’, ‘சின்ன வயதில்’ ஆகியவைதான். பள்ளி இலக்கணத்தில் இதற்கு ‘எதிர்காலம்’ என்று பெயர் ஒட்டியிருந்தாலும், தாத்தாக்கள் தங்கள் இளமைக் கதையை இதே வினையில்தான் சொல்லித் தீர்ப்பார்கள். வருவார், உட்கார்வார், வெற்றிலை போடுவார், அதட்டுவார் என்று போகும் கதையில் அந்த மனிதர் போய்ச் சேர்ந்து ஐம்பது வருடம் ஆகியிருக்கும்.

இது பேச்சுத் தமிழின் சோம்பலும் இல்லை. எக்காலத்துக்கும் பொதுவான செய்தியைச் சொல்ல ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டு வினை வரும் என்பது தொல்காப்பியக் காலத்து விதி. உரைகாரர்கள் அதற்கு ‘மலை நிற்கும்’ என்று எடுத்துக்காட்டுவார்கள். மலை நேற்றும் நின்றது, இன்றும் நிற்கிறது, நாளையும் நிற்கும்.

ஆக, நமக்கு ‘இப்போது இல்லை’ என்ற செய்தி வினைக்கு வெளியே, ‘அப்போதெல்லாம்’, ‘அந்தக் காலத்தில்’ போன்ற சொற்களில் இருக்கிறது. ஆங்கிலக்காரர் அதை வினையோடு சேர்த்தே வைத்துவிட்டார். “ஐ யூஸ்டு டு லிவ் இன் மதுரை” என்ற வாக்கியத்தில் ‘முன்பு’ என்று தனியாக ஒரு சொல் இல்லை. இருந்தும் கேட்பவருக்கு அது தெரிந்துவிடுகிறது. நாம் அந்த வினையை எடுத்துக்கொண்டு, காலத்தை வேறு சொல்லில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இலக்கண நுணுக்கம் பேசுபவர்கள் ஒரு திருத்தம் சொல்வார்கள்: ‘இப்போது இல்லை’ என்பது ‘யூஸ்டு டு’வின் நேர்ப்பொருள் அல்ல, அது தரும் குறிப்பு மட்டுமே. “ஹி யூஸ்டு டு ஸ்மோக், அண்ட் ஹி ஸ்டில் டஸ்” என்று ஒருவர் சொல்லலாம், முரண்பாடு இல்லை. உண்மைதான். ஆனால் அந்தக் குறிப்பை மறுக்க ‘ஸ்டில் டஸ்’ என்று தனியாக வாலைச் சேர்க்க வேண்டியிருக்கிறதே, அதிலிருந்தே அது எவ்வளவு பலமான குறிப்பு என்று தெரிகிறது. வாலில்லாமல் விட்டால் புகையை விட்டுவிட்டார் என்றுதான் பொருள்.

“அப்போ இன்னைக்கும் இருக்கிற வழக்கத்தை எப்படித்தான் சொல்றது?”

“ஐ கெட் அப் அட் ஃபைவ்.”

“இது நாலாங்கிளாஸ் இங்கிலீஷ் மாதிரி இருக்கே மாமா!”

அப்படித்தான் இருக்கும். ஆங்கிலத்தில் நடப்பு வழக்கத்தைச் சொல்லத் தனி அலங்காரம் எதுவும் இல்லை. வெறும் நிகழ்கால வினை போதும். வேண்டுமானால் ஒரு ‘யூஷுவலி’யோ ‘எவ்ரி டே’யோ சேர்த்துக்கொள்ளலாம். நமக்கு அது மொட்டையாகத் தெரிகிறது. கொஞ்சம் கனமாக இருக்கட்டும் என்று கை ‘யூஸ்டு டு’ பக்கம் போய்விடுகிறது. நேர்முகத் தேர்வு என்றால் இந்த ஆசை இன்னும் கூடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. என் தங்கை மகள் நானூறு வருடத்துக்கு முன்பு இங்கிலாந்தில் பிறந்திருந்தால் அவள் வாக்கியம் கிட்டத்தட்டத் தேறியிருக்கும். ‘யூஸ்’ என்ற வினை, லத்தீனில் கிளம்பி பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பயன்படுத்துவது என்ற பொருளோடு, ஒன்றை வழக்கமாகச் செய்வது என்ற பொருளும் அதற்கு இருந்தது. அந்த இரண்டாம் பொருளில் நிகழ்காலத்திலும் அது தாராளமாகப் புழங்கியது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் ‘யூஸ் டு’ என்று நிகழ்கால வழக்கம் வருகிறது. 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் பைபிளில் 119ஆம் சங்கீதத்தின் 132ஆம் வசனத்தைப் பார்த்தால், கடவுள் தம்மை நேசிப்பவர்களுக்கு வழக்கமாகச் செய்வதைச் சொல்ல இதே வினைதான் நிகழ்கால வடிவில் நிற்கிறது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நிகழ்கால வடிவம் வழக்கொழிந்தது. இறந்தகாலம் மட்டும் தனியே மிஞ்சியது. அதனால்தான் இன்றைக்கு ‘யூஸ்டு டு’வுக்கு ஜோடியாக ஒரு நிகழ்காலம் கிடையாது. அந்தக் காலத்திலும்கூட அவள் ‘யூஸ் டு’ என்று சொல்லியிருக்க வேண்டும், ‘யூஸ்டு டு’ அல்ல. அதனால்தான் ‘கிட்டத்தட்ட’ என்றேன்.

உச்சரிப்பையும் இங்கேயே முடித்துவிடலாம். கத்தியைப் பயன்படுத்தினேன் என்று சொல்லும்போது வரும் ‘யூஸ்டு’வில் நடு எழுத்து வண்டு ரீங்கரிப்பதுபோல அதிர்ந்து ஒலிக்கும். ‘முன்பெல்லாம்’ என்ற பொருளில் வரும்போது அந்த அதிர்வு இருக்காது, வெறும் ‘ஸ்’. அடுத்து வரும் ‘டு’வோடு ஒட்டி ‘யூஸ்ட்டு’ என்று ஒரே சொல்போலக் கேட்கும். தமிழ் எழுத்தில் இந்த இரண்டு ஒலிகளையும் பிரித்துக் காட்ட வழியில்லை. ஆங்கிலேயர் காதில் அவை வேறு வேறு சொற்கள். இந்த ஒட்டல் பின்னால் ஒரு எழுத்துத் தகராறையும் கொண்டுவரும்.

முடிந்துபோன வழக்கம் என்று ஆனபின்னும் எல்லா இடத்திலும் இதைப் போட முடியாது. எண்ணிக்கை சொன்னால் ‘யூஸ்டு டு’ விலகிக்கொள்ளும். ‘மதுரையில் ஐந்து வருடம் இருந்தேன்’ என்பதற்கு “ஐ லிவ்டு இன் மதுரை ஃபார் ஃபைவ் இயர்ஸ்” என்பதுதான் சரி. ‘மூன்று தடவை போனேன்’ என்பதற்கும் அது வராது. ஆனால் ‘வருடத்துக்கு மூன்று தடவை போவேன்’ என்றால் வரும், ஏனென்றால் அது கணக்கு அல்ல, வழக்கம். தமிழிலேயே சோதித்துப் பார்க்கலாம்: ‘போனேன்’ என்று மட்டும் சொல்ல வருகிற இடமா, அங்கே வேண்டாம். ‘முன்பெல்லாம் போவேன்’ என்று சொல்ல முடிகிற இடமா, அங்கே போடலாம்.

‘வுட்’ என்றொரு பங்காளியும் உண்டு. பாட்டியைப் பற்றிச் சொல்லும்போது “ஷி வுட் டெல் அஸ் ஸ்டோரீஸ்” என்பார்கள். நம் ‘கதை சொல்வாள்’ என்பதற்கு இது மிக நெருக்கம். இரண்டு நிபந்தனைகள். ஒன்று, இது பழைய காலம் என்பதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘வுட்’ வேறு பொருளுக்கு ஓடிவிடும். அதனால் நல்ல ஆங்கில எழுத்தாளர் பலர் முதல் வாக்கியத்தில் ‘யூஸ்டு டு’ போட்டுக் காலத்தை நிறுத்திவிட்டு, அடுத்தடுத்த வாக்கியங்களில் ‘வுட்’டுக்கு மாறிக்கொள்வார்கள். இரண்டாவது, திரும்பத் திரும்ப நடந்த செயலுக்குத்தான் ‘வுட்’. இருந்த நிலைக்கு வராது. ‘இங்கே முன்பு ஒரு கிணறு இருந்தது’ என்பதற்கு “தேர் யூஸ்டு டு பி எ வெல் ஹியர்” என்றுதான் சொல்ல முடியும். தமிழில் அந்தத் தடை கிடையாது. ‘அப்போ தெருமுனையில ஒரு புளியமரம் இருக்கும்’ என்று மரத்தையும் அதே வினையில் சொல்லிவிடுவோம். அந்தப் பழக்கத்தில் ‘வுட் பி’ போட்டுவிட்டால், ஆங்கிலம் கேட்பவருக்கு அந்த மரம் இனிமேல்தான் முளைக்கும் போலிருக்கும்.

இதுவரை பேசியது ஒரு ‘யூஸ்டு டு’. எழுத்தில் அச்சுப்பிசகாமல் அதேபோல இருக்கும் இன்னொன்றும் உண்டு: “ஐ ஆம் யூஸ்டு டு கெட்டிங் அப் அட் ஃபைவ்.” இதன் பொருள், ஐந்து மணிக்கு எழுவது எனக்குப் பழகிவிட்டது, கஷ்டமாகத் தெரியவில்லை. முதலாவதை வழக்கம் என்றால் இதைப் பழக்கம் எனலாம். இதில் காலம் முன்னால் வரும் ‘ஆம்’, ‘வாஸ்’ போன்ற சொல்லில் இருப்பதால், இன்றைக்கும் பேசலாம், நேற்றைக்கும் பேசலாம். உண்மையில் அந்த நேர்முகத் தேர்வில் அவளுக்கு வேண்டியது பெரும்பாலும் இதுதான். கேட்பவருக்கு வேண்டிய செய்தி, இந்தப் பெண்ணால் காலை ஷிப்ட் தாங்க முடியுமா என்பது.

“முதல்ல ‘கெட்’னு சொன்னீங்க, இப்ப ‘கெட்டிங்’னு சொல்றீங்க. எப்படி மாமா ஞாபகம் வச்சுக்கிறது?”

ஞாபகம் வைக்க வேண்டாம். பின்னால் ‘இட்’ போட்டுப் பார். “ஐ ஆம் யூஸ்டு டு இட்” என்பது முழு வாக்கியம். அப்படியென்றால் இந்த ‘டு’வுக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல் உட்கார முடிகிறது, அது வினையின் துணையல்ல, ப்ரெபொசிஷன். வினையை அங்கே கொண்டுவர வேண்டுமானால் அதைப் பெயராக்கித்தான் கொண்டுவர வேண்டும். நாம் ‘எழு’ என்பதை ‘எழுவது’ என்று தொழிற்பெயராக்குவதுபோல, அவர்கள் ‘இங்’ விகுதி சேர்ப்பார்கள். “ஐ யூஸ்டு டு இட்” என்று சொல்லிப் பார், வாக்கியம் நிற்காது. அங்கே வெறும் வினைதான். கடிதங்களில் வரும் “ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ” என்பதற்கும் இதே சோதனை செல்லும். ‘டு மீட்’ என்று அதை எழுதாத அலுவலகம் நம் ஊரில் அபூர்வம்.

பழகிக்கொண்டிருக்கிறேன் என்றால் ‘ஆம்’முக்குப் பின்னால் ‘கெட்டிங்’ வரும்: “ஐ ஆம் கெட்டிங் யூஸ்டு டு த கோல்ட்.” இங்கே ஒரு சின்ன இடறல். நாம் ‘எனக்குக் குளிர் பழகிவிட்டது’ என்கிறோம். வாக்கியத்தின் எழுவாய் குளிர். நான் வெறும் ‘எனக்கு’. ஆங்கிலத்தில் குளிர் யாருக்கும் பழகாது, மனிதர்தான் குளிருக்குப் பழக வேண்டும். எழுவாயை இடம் மாற்றிய பிறகுதான் வாக்கியத்தைத் தொடங்க முடியும்.

மூன்றாவதும் ஒன்று இருக்கிறது, அது வெறும் செயப்பாட்டு வினை. “டர்மரிக் இஸ் யூஸ்டு டு கலர் த ரைஸ்”: சோற்றுக்கு நிறம் தர மஞ்சள் பயன்படுத்தப்படுகிறது. இது அந்த வண்டு ஒலிக்கும் ‘யூஸ்டு’. இதற்கும் முந்தையதற்கும் இடையில் மாட்டிக்கொண்டால் நல்ல நகைச்சுவை கிடைக்கும். “திஸ் நைஃப் இஸ் யூஸ்டு டு கட் வெஜிடபிள்ஸ்” என்றால் காய் நறுக்கப் பயன்படும் கத்தி. “திஸ் நைஃப் இஸ் யூஸ்டு டு கட்டிங் வெஜிடபிள்ஸ்” என்றால், காய் நறுக்கி நறுக்கி அந்தக் கத்திக்கே பழகிப்போய்விட்டது. இனி அது முகம் சுளிக்காது. ‘இங்’ ஒன்று சேர்ந்ததும் கத்திக்கு உயிர் வந்துவிடுகிறது. தங்கை மகள் இதற்குச் சிரித்தாள், பிறகு தன் அலுவலக லேப்டாப்பும் அப்படித்தான் என்றாள், திட்டு வாங்குவதற்குப் பழகியது.

இந்தியர் எல்லோரும் இப்படித்தான் பேசுகிறார்களா, தமிழர் மட்டுமா என்று அவள் கேட்டாள். தமிழ் வினையின் மேல் நான் கொஞ்சம் அதிகமாகவே பாரம் ஏற்றிவிட்டேன் என்பது உண்மை. இந்தி பேசுபவர்களிடமும் இதே வழக்கத்தைக் கேட்கலாம்; இத்தனைக்கும் இந்தியில் இன்றைய வழக்கத்துக்கும் பழைய வழக்கத்துக்கும் துணைவினை வேறு வேறு. சிங்கப்பூர் ஆங்கிலத்திலும் ‘யூஸ் டு’வை நடப்பு வழக்கத்துக்குச் சொல்வதுண்டு என்று மொழியியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆக, நம் ‘போவேன்’ இந்தக் கதையின் ஒரு காரணம், முழுக் காரணமல்ல. ஆங்கிலத்தில் அந்த நிகழ்கால இடம் காலியாக இருப்பதும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் ஒரே சொல்லை எடுத்து அந்த இடத்தில் வைக்கிறார்கள்.

அதனால் நம் ஊர் அலுவலகத்துக்குள் யாராவது அப்படிப் பேசினால் திருத்தப் போக வேண்டாம். அங்கே எல்லோருக்கும் புரிகிறது. ஊருக்கு வெளியே காது மாறும்போது மட்டும் கவனம் போதும்.

கடைசியாக அந்த எழுத்துத் தகராறு. எதிர்மறையில் “ஐ டிடின்ட் யூஸ் டு லைக் காஃபி” என்பார்கள். ‘டிட்’ வந்தாலே பின்னால் வரும் வினை தன் இறந்தகாலத்தை அதனிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது விதி. ‘டிடின்ட் வென்ட்’ என்று யாரும் எழுதுவதில்லை. அந்தக் கணக்கில் ‘யூஸ்டு’வின் கடைசி ‘டி’ எழுத்து போய், ‘யூஸ் டு’ என்று எழுத வேண்டும். கேள்விக்கும் அதுவே: “டிட் யூ யூஸ் டு லிவ் ஹியர்?” ஆனால் ‘யூஸ்ட்டு’ என்று ஒட்டிப் பேசும்போது அந்த ‘டி’ இருந்தாலும் இல்லாவிட்டாலும் காதுக்கு ஒன்றுதான். அதனால் தாய்மொழிக்காரர்களே ‘டி’யோடு எழுதித் தள்ளுகிறார்கள், அச்சிலும் வந்துவிடுகிறது. முந்தைய தலைமுறை பிரிட்டிஷ் எழுத்தில் ‘யூஸ்டு நாட் டு’ என்றும் பார்க்கலாம். இன்றைக்கு அதைச் சொன்னால் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருக்கும். தேர்வுத் தாளில் ‘டி’யை விட்டுவிடுவது பாதுகாப்பு. பேச்சில் எனக்குப் பிடித்த வழி வேறு: “ஐ நெவர் யூஸ்டு டு லைக் காஃபி.” ‘நெவர்’ வந்தால் ‘டிட்’ வேண்டாம், ‘டி’யும் தன் இடத்தில் பத்திரமாக இருக்கும்.